ஒன்பதாவது பெயர்

றீட்டா: …ஆட்டாதீங்க காக்கா, பூவெல்லாம் மடியில கொட்டுது.

உசனார்: நான் எங்க ஆட்டின? வாவிதான் ஆட்டுது. வளையத்தக் கீழ வெச்சிட்டு நேரா இரி, றீட்டா.

றீட்டா: கீழ வெச்சா பலகைச் சூட்டில வாடிரும். வாடினா அந்த றமீஸ் என்னத்தான் ஏசுவான். மேயர்ர போட்டோக்காரனெண்டா அவனும் அரை மேயர்.

உசனார்: மேயர் இன்னும் வரல்லியா?

றீட்டா: வந்தார், போனார். பத்து மணிக்குக் கரையில வெச்சு இந்த மலர்வளையத்த ரெண்டு கையாலயும் புடிச்சார், முகத்தத் தொங்கப் போட்டார், நாலு போட்டோ. மறுகா நாவற்குடாவில ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியாம், கொடியேத்த ஓடிட்டார். அங்க சிரிச்சு முடிச்சிட்டு வந்துதான் இஞ்ச அழணும்.

உசனார்: அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் நடு வாவியில காயணும்.

றீட்டா: நாமதானே காயுறத்துக்கெண்டு பிறந்த ஆக்கள்.

உசனார்: அவர் தோணியில ஏறி வந்து தன்ட கையால போட்டா என்ன? நினைவுநாள் நடத்துறது அவர், வளையம் போடுறது நாம.

றீட்டா: தோணியெண்டா அவருக்குக் கால் நடுங்கும் காக்கா. தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க.

உசனார்: நடுங்கத்தான் வேணும்.

றீட்டா: என்ன?

உசனார்: ஒண்டுமில்ல… வெயிலுக்குக் கதைக்கிறன்.

றீட்டா: நோம்போட ஏன் வந்தீங்க? வேற ஆளில்லையா தோணி தள்ள?

உசனார்: பாதி நோம்பு முடிஞ்சிது, இதென்ன வெயில். மறுகா, நான் வராட்டி மாநகர சபையில மகன் அஸ்கர்ர முகத்தப் பாப்பாங்க. "எங்க உங்கட வாப்பா?" எண்டு கேப்பாங்க. தண்ணிப் பவுசர் ஓடுற புள்ளைக்கி ஏன் கரைச்சல்?

றீட்டா: ஓம்… என்ட மகள் ஜிலியனும் சபையிட டவுன் நூல்நிலையத்தில வேலையில இருக்கக்குள்ள நான் மட்டும் வராம இருக்கேலுமா? நல்ல கயிறு போட்டுத்தான் கட்டி வெச்சிருக்கார் ரெண்டு பேரையும்.

உசனார்: கயிறெண்டதும்தான் ஞாபகம் வந்த. அந்தத் தங்கூசி நூல் கட்டித்தானே கிடக்கு?

றீட்டா: வளையத்துக்கடியில இறுக்கிக் கட்டியிருக்கு. மற்ற நுனி உங்கட காலடியில. தண்ணியில போட்டு, மேல ட்றோன் வந்து படம் எடுத்திட்டுப் போனாப்போல, மெதுவா இழுத்திரணும். கரையில நிக்கிற சனத்துக்குத் தெரியப்படாது.

உசனார்: செத்தாக்களுக்குக் குடுத்தத திருப்பி இழுக்கிற ஊர் இது ஒண்டுதான்.

றீட்டா: வாற புதன் ஒரு பழைய பள்ளிக்கூட அதிபர்ர நினைவுநாள். அதுக்கும் இதே வளையம்தான். றிபன மட்டும் மாத்தணும். வாடின பூவ மட்டும் புடுங்கிப்போட்டுப் புதுசு சொருகணும். இந்தக் கம்பி இந்த வருசம் நாலு சாவுக்குப் போயிற்று காக்கா. துருப்பிடிச்சு என்ட விரலெல்லாம் கிழிக்குது.

உசனார்: உனக்கெண்டாலும் கிடைக்கிறது முள்ளுத்தான். எனக்குப் பாரு, வருசா வருசம் பொன்னாடை. அஞ்சு பேரக் காப்பாத்தின வீரனாம். போன வருசத்துப் பொன்னாடைய என்ட மனிசி ஜன்னலுக்குப் போட்டிருக்கா.

றீட்டா: சரிகையோட ஜன்னல் சீலையா? கலியாண வீடு மாதிரி இருக்குமே.

உசனார்: சிரி, சிரி. அவர் எங்கட பள்ளி இப்தாருக்கும் வந்தாரே, முந்தநாள். நோம்பு புடிச்ச நாங்க பாங்குச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கம். புடிக்காத மனிசன் முதல் ஆளாப் பேரீச்சம்பழத்துக்குக் கைய நீட்டிட்டார். கமரா வந்திட்டெண்டு.

றீட்டா: எங்கட கோயிலுக்கும் விபூதிப் புதனண்டைக்கு வந்தார். சாமியார் சாம்பல் பூசக்குள்ள ஒருக்கா நிமிந்து, றமீஸ் நிக்கிற பக்கம் பாத்துட்டுத்தான் குனிஞ்சார். ஒரு கிழமையில எத்தின இடம்… சடங்கு, கலியாணம், செத்தவீடு, பூங்கா திறப்பு. ஆறு வருசத்துக்கு முதல் வெறும் உறுப்பினரா இருக்கக்குள்ளயே இப்பிடித்தான். மேயரானாப்போல இறக்கையும் முளைச்சிட்டு.

உசனார்: …றீட்டா.

றீட்டா: ம்?

உசனார்: இண்டைக்கி உண்மையா வாசிப்பாரா?

றீட்டா: எறோல்ட பேரையா?

உசனார்: வேற யார்ர பேருக்கு நீ இந்த ஆறு வருசமும் சபைக் கந்தோர்ப் படியேறின?

றீட்டா: வாசிப்பார். வியாழக்கிழமை சத்தியம் பண்ணித் தந்தவர். "றீட்டா, கல்லில எட்டுப் பேர்ர பேர்தான் வெட்டியாச்சு, அத மாத்தேலாது. செத்தாக்கள்ற சொந்தக்காரர் குழப்பம் பண்ணுவாங்க. ஆனா மேடையில வாயால வாசிக்கிறன். ஒன்பதாவதா உங்கட தம்பிட பேர் வரும்" எண்டார்.

உசனார்: சும்மா சொன்னாரா, இல்லாட்டி ஏதும் கேட்டாரா?

றீட்டா: ஒண்டே ஒண்டுதான். வெள்ளை உடுப்போட, வளையத்தோட, தோணியில நான் இருக்கணுமாம். "உங்கட கையாலேயே தண்ணியில போடுங்க, அதுதான் பொருத்தம்" எண்டார்.

உசனார்: ஏன் அப்பிடி?

றீட்டா: எனக்கென்ன தெரியும்? தம்பிக்கு அக்கா போடுறதெண்டு நினைச்சிருப்பார். அந்தளவுக்காவது மனிசத்தன்மை இருக்காதா?

உசனார்: வாசிக்காட்டி என்ன புள்ள? ஆண்டவனுக்குத் தெரியாத பேரா? மேடையில செல்லித்தான் தெரியணுமா?

றீட்டா: உங்களுக்கு விளங்காது. எட்டுப் பேருக்கும் வருசா வருசம் நான் வளையம் கட்டுறன். எட்டுக் குடும்பமும் முன்வரிசையில கதிரை போட்டு இருக்கும். நான் பூவக் குடுத்திட்டுப் பின்னால போய், தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில நிப்பன். தோணி ஓட்டினவன்ட அக்கா. குடிச்சிட்டு ஓட்டி எட்டுப் பேரக் கொண்டவன்ட அக்கா. ஒரு மனுசி என்னப் பாத்துக் காறித் துப்பினா, தெரியுமா? அவட புள்ள விதுர்ஷா. பதினாறு வயசு.

உசனார்: தெரியும்.

றீட்டா: எறோல்ட அடக்கத்துக்கு எத்தின பேர் வந்த? பத்து விரலில எண்ணலாம். அதுக்குப் பத்து நாளில ஊரடங்கு வந்திட்டு, ஊரே மறந்திட்டு. கொரோனாவில செத்தவனுக்குக்கூட ஊர் பரிதாபப்பட்ட. அவனுக்கு அதும் இல்ல. ஒருக்கா, ஒரே ஒருக்கா, அவன்ட பேர மற்றப் பேரோட சேத்து ஆரும் வாசிக்கோணும். அவனும் அந்தத் தண்ணியிலதான் செத்தவன். அவ்வளவுதான் எனக்கு. வேற ஒண்டும் வேணாம்.

உசனார்: போன் அடிக்குது.

றீட்டா: றமீஸ்தான்… ஹலோ?

றமீஸ்: அன்ட்டி, மேயர் வந்திட்டார். இப்ப தொடங்குறம். போன வெட்டாதீங்க, நான் மேடைக்குப் பக்கத்தில நிக்கன், பேசுறது உங்களுக்குக் கேக்கும். கடைசிப் பேர் வாசிச்சு முடிய நான் "ஓகே" சொல்லுவன். அப்பதான் போடணும். முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல.

றீட்டா: சரி தம்பி. ஒன்பதாவது பேர் முடியத்தானே?

றமீஸ்: ஓம் அன்ட்டி, ஒன்பது. பேச்ச நான்தான் டைப் பண்ணின. முக்காட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விடுங்க. ட்றோன் மேல வந்தா நிமிந்து பாக்காதீங்க, தண்ணியப் பாருங்க. தல குனிஞ்ச மாதிரி இருந்தாத்தான் நல்லாருக்கும்.

றீட்டா: கேட்டீங்களா காக்கா? ஒன்பதெண்டு அவனே சொல்றான். டைப் பண்ணியும் ஆச்சாம்.

உசனார்: கேட்டன். நாம கதைக்கிறது அங்கால கேக்குமா?

றீட்டா: நம்மட பக்கத்துச் சத்தத்த அமத்தியிருக்கு. என்ன வேணுமெண்டாலும் ஏசலாம். ஸ்… தொடங்கிட்டார்.

மேயர்: …பெருமதிப்புக்குரிய மதகுருமார்களே, உறவுகளை இழந்து தவிக்கும் குடும்பத்தினரே! ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், இதே நாளில், ஒரு நூல்நிலையத்தின் திறப்பு விழாவில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு அக்கரையிலிருந்து தோணியேறிய நம் மக்கள்…

உசனார்: ஆவலோடயாம்! வவுணதீவுப் பக்கம் வட்டையில கதிர் வெட்டிக்கொண்டு நிண்ட சனம். சோத்துப் பார்சல் தாறம், ஆளுக்கொரு சேலையும் தாறம் எண்டு கையோட கூட்டி வந்த. ஒரு கிழவி அருவாக்கத்தியோட ஏறினா.

றீட்டா: ஆருட நூல்நிலையத் திறப்பெண்டு சொல்ல மாட்டாரே.

உசனார்: தன்ட விழாவெண்டு தன்ட வாயாலயா செல்லுவார்?

மேயர்: …அறிவைத் தேடி வந்தவர்களை ஆழம் விழுங்கிக்கொண்டது…

றீட்டா: தூ. அறிவைத் தேடி.

உசனார்: அண்டைக்குத் திறந்த அந்த நூல்நிலையம் இப்பவும் பூட்டித்தான் கிடக்கு. உள்ள சீமேந்து மூட்டை அடுக்கியிருக்காங்க.

மேயர்: …அன்று முதல் இந்த வாவியைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. நான் உறங்காத இரவுகள் எத்தனையோ…

றீட்டா: உங்கட பாட்டில சிரிக்காதீங்க காக்கா, தோணி ஆடுது.

உசனார்: சிரிக்கல்ல.

றீட்டா: ஐயோ… என்ன காக்கா? கண்ணத் தொடைங்க.

உசனார்: உப்புக் காத்து.

மேயர்: …இப்போது அவர்களுடைய பெயர்களை வாசிக்கிறேன். அனைவரும் எழுந்து நில்லுங்கள். ஆச்சிப்பிள்ளை…

உசனார்: இவதான் அருவாக்கத்தியோட வந்த கிழவி. அணியத்தில இருந்தா. வெத்திலை தந்தா எனக்கு.

மேயர்: …விதுர்ஷா…

றீட்டா: ரெண்டு.

மேயர்: …பதியுதீன்…

உசனார்: எங்கட ஊர்ப் பொடியன். சேலை வியாபாரத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன். விழாவும் தெரியாது, ஒண்டும் தெரியாது. "காக்கா, எனக்கும் ஒரு இடம் தாங்க" எண்டான். நான்தான் கையப் புடிச்சு ஏத்தினன்.

றீட்டா: போதும் காக்கா. எண்ண விடுங்க.

மேயர்: …தெய்வானைப்பிள்ளை… மயில்வாகனம்…

றீட்டா: அஞ்சு.

மேயர்: …கோபாலபிள்ளை… சிறுமி கிருஷாளினி…

றீட்டா: ஏழு. அந்தோனியாரே, ஏழு.

மேயர்: …கண்மணிப்பிள்ளை.

றீட்டா: எட்டு. இனி…

உசனார்: நிப்பாட்டிட்டாரே.

றீட்டா: தண்ணி குடிக்கிறார்போல. பொறுங்க. வாசிப்பார்.

மேயர்: …அன்பு உறவுகளே. ஒன்பதாவதாக, இந்த மேடையில் ஆறு ஆண்டுகளாக உச்சரிக்கப்படாத ஒரு பெயரை இன்று நான் உச்சரிக்கப் போகிறேன்…

றீட்டா: கேட்டீங்களா! நான் சொன்னனில்லையா? சத்தியம் பண்ணினவர் எண்டு சொன்னனில்லையா?

மேயர்: …பலர் எதிர்த்தார்கள். ஆனால் என் மனச்சாட்சி ஒப்பவில்லை. எறோல்!

றீட்டா: எறோல்… எறோல் எண்டு சொல்லிட்டார் காக்கா…

மேயர்: …ஆம். அந்தத் தோணியை ஓட்டியவர். மது என்ற அரக்கனுக்கு அடிமையாகி, போதை தலைக்கேறி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, எட்டு உயிர்களைப் பலிகொண்ட அந்த எறோலையும் இன்று நாம் மன்னிக்கிறோம்! பெற்றோரே, மன்னியுங்கள்! பிள்ளைகளே, மன்னியுங்கள்! மன்னிப்பதுதான் மனிதம். அதோ பாருங்கள், வாவியின் நடுவே, வெள்ளை உடையில்! அவருடைய சொந்தச் சகோதரி. தன் தம்பி செய்த பாவத்துக்கு உங்கள் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டு, தலை குனிந்து, மலர்வளையத்தோடு நிற்கிறார். நீங்கள் அவருக்கு மன்னிப்பு அளிப்பீர்களா? கைகளைத் தட்டி உங்கள் பெருந்தன்மையைக் காட்டுங்கள்!

உசனார்: றீட்டா… புள்ள…

றீட்டா: கை தட்டுறாங்க.

உசனார்: கேக்காத. அந்தப் போன வெட்டு.

றீட்டா: எல்லாருமாத் தட்டுறாங்க காக்கா. விதுர்ஷாட அம்மாவும் தட்டுவா, என்ன?

றமீஸ்: அன்ட்டி, ஓகே! போடுங்க! ட்றோன் மேல நிக்கு, போடுங்க!

உசனார்: வெள்ளை உடுப்பு இதுக்குத்தான்.

றீட்டா: தல குனியச் சொன்னதும் இதுக்குத்தான்.

றமீஸ்: அன்ட்டி! கேக்குதா? ஏன் நிமிந்து பாக்கிறீங்க? கீழ பாத்து, வளையத்தப் போடுங்க! நேரடியாப் போகுது அன்ட்டி, ஆயிரம் பேர் பாக்கிறாங்க!

உசனார்: தா, அத நான் போடுறன். முடிச்சிட்டுக் கரைக்குப் போவம்.

றீட்டா: விடுங்க.

உசனார்: அஸ்கர்ர வேலை… ஜிலியன்ட வேலை… யோசி.

றீட்டா: விடுங்கெண்டா! இது என்ட மடியிலயே கிடக்கட்டும்.

றமீஸ்: உசனார் காக்கா! நீங்களாவது புடுங்கிப் போடுங்க! மேயர் என்னக் கொல்லப் போறார்! அன்ட்டி, உங்களுக்காகத்தானே அந்தப் பேர வாசிச்ச, இப்பிடி நன்றியில்லாம…

றீட்டா: வெட்டிட்டன்.

உசனார்: நல்லது.

றீட்டா: வாசிச்சிட்டார் காக்கா. ஆறு வருசம் படியேறி நான் கேட்டு வாங்கினது இதத்தான். வாசிக்காம விட்டிருந்தாக்கூட அவன் சும்மா கிடந்திருப்பான். இப்ப கல்லில வெட்டினதவிட ஆழமா வெட்டியாச்சு.

உசனார்: அழு புள்ள. அழுதிரு.

றீட்டா: அழுகை வரல்ல. வயிறெரியுது. எவன் எவனை மன்னிக்கிறது? நீங்களும் அந்தத் தோணியில நிண்ட ஆள்தானே. சொல்லுங்களன். எவன் எவனை மன்னிக்கிறது?

உசனார்: அவன் குடிக்கல்ல.

றீட்டா: என்ன?

உசனார்: எறோல் அண்டைக்கிக் குடிக்கல்ல. நோம்பு வாயால செல்லுறன், றீட்டா. வல்லாஹி, ஒரு சொட்டு அவன்ட நாக்கில படல்ல. விடிய என்னோட துறைக் கொட்டிலுக்குள்ள இருந்து வெறுந்தேத்தண்ணி குடிச்சான். சீனி நீட்டினன், வேணாமெண்டான். "தபசுகாலம் காக்கா, நாப்பது நாளைக்கி இனிப்பும் இல்ல, மற்றதும் இல்ல" எண்டு சிரிச்சான். ஆள் ஏத்தினதும் அவனில்ல. பதினஞ்சு பேருக்குரிய தோணி, ரெண்டு தரம் போவம் எண்டுதான் நிண்டான். என்ட போனுக்கு அழைப்பு வந்த. இந்த மனிசன்தான், அப்ப உறுப்பினர். "திறந்து வைக்கிற பெரியவர் மூணு மணிக்கி வந்திருவார், இஞ்ச கதிரையெல்லாம் காலியாக் கிடக்கு, எல்லாரையும் ஒரே தரத்தில ஏத்து" எண்டு கத்தினார். எறோல் போன வாங்கி ஏலாதெண்டான். மறுகா என்ன சொன்னாரோ, அவன்ட முகம் செத்துப் போச்சி. போனத் தந்துட்டு "ஏத்துங்க காக்கா" எண்டான். முப்பத்தொரு பேர். காலியாக் கிடந்த கதிரைக்காகத்தான் அந்தச் சனம் செத்த, றீட்டா.

றீட்டா: நீங்க விசாரணையில அப்பிடிச் சொல்லல்ல.

உசனார்: இல்ல.

றீட்டா: "சாராயம் மணத்தது" எண்டு சொன்னீங்க.

உசனார்: ஓம். அடுத்த நாள் ஞாயிறு விடிய, ஆசுபத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில வந்து இருந்தார். ஒரு பை தோடம்பழம். தன்ட கையால உரிச்சும் தந்தார். "செத்தவனுக்கு வழக்கில்ல உசனார், இருக்கிறவனுக்குத்தான் மறியற்சாலை. போன் எடுத்த நானும் போவன், ஆள் ஏத்தின நீயும் போவாய். எறோலுக்கு இனி என்ன நட்டம்? அவன் பறங்கியன்தானே, பறங்கியன் குடிச்சான் எண்டா ஒருத்தரும் மறுபேச்சுக் கேக்க மாட்டாங்க. மணத்தது எண்டு மட்டும் செல்லு, மிச்சத்த நான் பாக்கிறன்" எண்டார். நான் தோடம்பழத்தத் திண்டுகொண்டே தலையாட்டினன்.

றீட்டா: மூணு மாசத்தில அஸ்கருக்கு வேலை.

உசனார்: மூணு மாசத்தில வேலை. அதோட பொன்னாடை. நீ வளையம் கட்டிக் குடுக்கக்குள்ள உன்ட முகத்த ஒரு நாளும் நேராப் பாக்கல்ல நான். கவனிச்சிருப்பாய்.

றீட்டா: கவனிச்சன்.

உசனார்: ஏசு. துப்பு. இந்தத் தோணியிலயிருந்து என்னத் தள்ளி விட்டாலும் நான் நீந்த மாட்டன்.

றீட்டா: ஏச மாட்டன்.

உசனார்: ஏன்? நீ ஏசாம இருக்கிறதுதான் கூடச் சுடுது. நான் ஒண்டு செல்லட்டா? கேட்டா என்னப் பைத்தியமெண்டு நினைப்பாய். ஞாயிறு நான் அந்தப் பொய்யச் சொன்னன். திங்கள் விடியப் பொலிஸ் போய்க் கொட்டிலுக்குள்ள தொங்கின எறோல்ட பைய அவிட்டாங்க. உள்ள அரைப்போத்தல் சாராயம். கேள்விப்பட்டதும் கட்டிலிலேயே நெத்திய வெச்சு ஸுஜூது செஞ்சன். விளங்குதா? நான் பாக்காத நேரம் அவன் குடிச்சிருக்கத்தான் வேணும். தபசுகாலமெண்டு எனக்குக் கதை விட்டுட்டு, மறைவில ஒரு வாய் குடிச்சிருப்பான். அப்ப நான் சொன்னது முழுப் பொய்யில்ல. அரைப் பொய்தான். ஆறு வருசமா நான் தொழுது எழும்புறது, புள்ளைகளோட சோறு தின்றது, கண்ண மூடிப் படுக்கிறது எல்லாம் அந்தப் போத்தல்ற தயவிலதான். அது மட்டும் அண்டைக்கி அந்தப் பைக்குள்ள இல்லாம இருந்திருந்தா, நான் எப்பவோ இந்த வாவியில குதிச்சிருப்பன்.

றீட்டா: காக்கா…

உசனார்: என்ன?

றீட்டா: தோடம்பழத்தோட உங்களுக்கிட்ட வந்த ஆள், அண்டைக்குப் பின்னேரமே என்ட வீட்டுக்கும் வந்தவர். எறோல்ட உடம்பு இன்னும் கிடைக்கல்ல, தண்ணிக்குள்ளதான் கிடக்கான். ஜிலியன் படிப்ப முடிச்சிட்டு ரெண்டு வருசமா வீட்டில குந்தியிருந்தாள், அவளுக்கு வேலை தாறனெண்டார்… அது அவன் உயிர்த்த ஞாயிறுக்கெண்டு வாங்கி, மூடியும் திறக்காம அலுமாரிக்குள்ள வெச்சிருந்த போத்தல், காக்கா. பாதியக் கிணத்தடியில ஊத்திப்போட்டு, மிச்சத்த அவன்ட பைக்குள்ள கொண்டுபோய் வெச்சது நான்.